மறு: பின் அச்சு எயார் ஹெல்பருக்குத் தமிழ்ச் சொல் – ‘சுமைதாங்கி’ வேண்டாமே

எல்லோருக்கும் வணக்கம்.

லொறியின் பின் அச்சில் பட்டை ஸ்பிரிங்குகளுக்குத் துணையாகப் பூட்டும் காற்றடைத்த ரப்பர் உறைகளான எயார் ஹெல்பருக்கு, ‘சுமைதாங்கி’ என்ற பரிந்துரையைப் பலரும் ஆமோதித்திருக்கிறீர்கள். சொல் அழகுதான். ஆனால் இந்தச் சாமானுக்கு அதை வைப்பது ஆபத்து. தெருவோரச் சுமைதாங்கிக் கல்லில் மூட்டையை இறக்கினால் தலைப்பாரம் முழுவதும் கல்லுக்குப் போய்விடும். எயார் ஹெல்பர் அச்சிலிருந்து அப்படி எதையும் வாங்கிக்கொள்வதில்லை. மரக்கறி மூட்டைகளின் எடை அதே அச்சிலும் அதே டயரிலும்தான் இருக்கிறது, பிரேக்கும் அதே பழைய பிரேக்தான். பின்பக்கம் குந்திவிடாமல் லொறியை மட்டமாகப் பிடித்துக்கொடுப்பதே இதன் வேலை. லொறியைத் தயாரித்தவர்கள் குறித்த உச்ச எடை இதனால் ஒரு கிலோகூட உயராது. ‘அதுதான் சுமைதாங்கி பூட்டியிருக்கிறோமே, இன்னும் பத்து மூட்டை போடு’ என்று நுவரெலியாவில் ஒருவர் சொன்னால், இறம்பொடை வளைவுகளில் யார் பதில் சொல்வது?

பெயர் வைக்குமுன் சாமானைக் கிட்ட நின்று பார்த்துவிடுவோம். சேசிக்கும் (லொறியின் அடிச்சட்டம்) பட்டை ஸ்பிரிங்குகளுக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடித்த ரப்பர் உறைகள். பலவற்றில் நடுவே ஒரு வளையம் இறுக்கியிருப்பதால் மேலும் கீழும் இரண்டு மடிப்பாகப் புடைத்திருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய குழாய் ஒன்று வந்து, நம்பர் பிளேட் பக்கமாக, டயர் வால்வு மாதிரியே ஒரு வால்வில் முடியும். டயருக்குக் காற்று அடிக்கும் அதே பம்ப் போதும். பொதுவாக வெறும் லொறிக்குச் சதுர அங்குலத்துக்கு 5 றாத்தல் அளவு காற்று இருக்க வேண்டும். பாரத்தைப் பார்த்துக் கூட்டலாம், பல ரகங்களுக்கு உச்சம் 100 றாத்தல். காற்றை முழுக்க இறக்கிவிட்டு ஓடினால் ரப்பர் மடிந்து, உரசிக் கிழியும். பழைய பட்டைகள் கழற்றப்படுவதில்லை. அவற்றோடு இதுவும் சேர்ந்து நிற்கிறது, அதனால்தான் ‘ஹெல்பர்’.

இனி மற்றப் பரிந்துரைகள். ‘காற்றுப்பை’ என்றால் விபத்தில் ஸ்டியரிங்கிலிருந்து வெடித்து வருவதுதான் இன்று ஞாபகம் வரும். கராஜில் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இரண்டையுமே எயார் பேக் என்கிறார்கள், அவர்களுக்குக் குழப்பம் இல்லை. எழுத்தில் குழப்பம் வரும். ‘துருத்தி’ எனக்குப் பிடித்த சொல். மடிப்பு மடிப்பான உருவமும் பொருந்துகிறது. ஆனால் துருத்தியின் வேலை காற்றை வெளியே ஊதுவது, இதிலோ காற்று உள்ளேயே அடைபட்டுக் கிடக்க வேண்டும். உறையை மட்டும் தனியே சொல்ல நேர்ந்தால் ‘துருத்தியுறை’ எனலாம். ‘சஸ்பென்ஷன்’ என்பதை அப்படியே பெயர்த்துத் ‘துணை இடைநிறுத்தம்’ என்று எழுதியவர் மன்னிக்க வேண்டும், அது லொறிக்கு யாரோ வேலைத்தடை போட்டதுபோல இருக்கிறது!

என் பரிந்துரை: துணைக் காற்றுவில். விற்றராசு (ஸ்பிரிங் தராசு) படித்த பிள்ளைகளுக்கு ‘வில்’ என்றால் ஸ்பிரிங் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டைவில், சுருள்வில், காற்றுவில் என்று ஒரே குடும்பமாகவும் அமைகிறது. பாடநூல் வழக்குப்படி ‘வளிவில்’ என்றும் வைக்கலாம்தான். ஆனால் ஹட்டனில் எந்த டயர்க் கடையில் போய் ‘வளி அடியுங்கள்’ என்று கேட்பது? பன்மையில் ‘விற்கள்’ என்றால் விற்பனை நினைவுக்கு வரும், ‘காற்றுவில் ஜோடி’ என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

இன்னும் இரண்டு உறுப்புகளுக்கும் பெயர் தேவை. மலைப்பாதையில் இவைதான் முக்கியம். சிலர் இரண்டு உறைகளையும் ஒரே குழாயில் இணைத்து ஒரு வால்வோடு முடித்துக்கொள்கிறார்கள். செலவு மிச்சம். ஆனால் வளைவில் லொறி வெளிப்பக்கம் சாயும்போது, அந்தப் பக்கத்து உறை நசுங்கி, அதிலுள்ள காற்று உட்பக்க உறைக்கு ஓடுகிறது. நிமிர்த்த வேண்டிய சாமானே சாய்வுக்குத் துணைபோகிறது. கடுகண்ணாவை மலைவளைவில் இதை ஒருதரம் உணர்ந்தவர் பிறகு இணைக்கமாட்டார். இதற்கு ‘இணைகுழாய்’, பிரித்துப் பூட்டுவதற்குத் ‘தனிக்குழாய்’ போதும்.

அடுத்தது, சில லொறிகளிலும் பிக்கப்களிலும் பின் அச்சுக்கு மேலே, ஒரு தண்டோடு இருக்கும் பிரேக் வால்வு. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் பாரத்தை அது மதிப்பிடும். தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். காற்றுவில் பூட்டிப் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், வண்டி வெறுமையாக இருக்கிறதென்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரமோ அப்படியே இருக்கும். பூட்டும்போதே அந்தத் தண்டைச் சரிபார்த்து மீண்டும் அமைக்க வேண்டும். சொல்லோடு சேரும் விளக்கக்குறிப்பில் இதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன்.

அந்த வால்வை ‘சுமையுணர் வால்வு’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அது உணர்வது சுமையை அல்ல, உயரத்தை. ஆகவே ‘உயரமறி வால்வு’ சரியாக இருக்குமோ என்றும் தோன்றுகிறது. கராஜ் பக்கம் புழங்குபவர்கள் சொல்லுங்கள்.