இரண்டாம் மாதம் ஸ்லைடு நெகட்டிவ், ஜீன்எக்ஸ்பர்ட் பாசிட்டிவ்: எதை நம்புவது?

லேப்மேசை:
சின்ன ஆய்வகம், டெக்னீஷியன் நான் ஒருத்திதான். நுரையீரல் டிபி நோயாளி ஒருவருக்கு முதல் இரண்டு மாத மருந்து முடிந்ததும் சளியை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், கிருமி ஒன்றும் இல்லை. டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினிலும் போடச் சொன்னார். அதில் பாசிட்டிவ், முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. மருந்து கேட்கவில்லையோ என்று அவர் வீட்டில் ஒரே பயம். இன்னொன்றும் உறுத்துகிறது. சிகிச்சை நடுவில் நான் பார்க்கும் ஸ்லைடு கிட்டத்தட்ட எல்லாமே நெகட்டிவ். உண்மையிலேயே இத்தனை பேருக்கும் கேட்கிறதா?

பழையகை:
பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மெஷின் தேடுவது கிருமியின் டிஎன்ஏவை, செத்த கிருமியின் டிஎன்ஏவும் அதற்கு பாசிட்டிவ்தான், சிகிச்சை நன்றாக நடக்கும்போதும் அது மாதக்கணக்கில் சளியில் வந்துகொண்டிருக்கும். நோயைக் கண்டுபிடிக்கவும் மருந்து எதிர்ப்பைப் பார்க்கவும்தான் உலக சுகாதார நிறுவனம் 2010-ல் அதைப் பரிந்துரைத்தது, குணமாகிறதா என்று பார்க்க அல்ல. ஸ்லைடு பாசிட்டிவாக இருந்திருந்தால் எதிர்ப்பு வந்துவிட்டதா என்று பார்க்க அதே மெஷின் உதவியிருக்கும். அப்போதும் வழக்கமான கார்ட்ரிட்ஜ் ரிஃபாம்பிசினை மட்டும்தான் சொல்லும், இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியசிட்டுக்கு எதிர்ப்பு இருந்தால் அதில் தெரியாது.

களப்பணியாளர்:
சரிதான், ஆனால் ஸ்லைடும் உயிருள்ளது, செத்தது என்று பிரித்துக் காட்டாது. அதைச் சொல்வது கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் மட்டும்தான், அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. மருந்து கேட்டால் இருமல் நின்றுவிடும், இருமல் நின்றவரிடம் சளி கேட்டால் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு மில்லியில் 5,000 முதல் 10,000 கிருமி இருந்தால்தான் ஸ்லைடில் கண்ணில் படும், எச்சிலில் எங்கே போய்த் தேடுவது? காலையில் எழுந்ததும் ஆழமாக மூச்சிழுத்து இருமி எடுத்த சளியாக வாங்குங்கள். வந்தது எச்சில் என்றால் ரிப்போர்ட்டில் அப்படியே எழுதுங்கள், வெறும் நெகட்டிவ் என்று போடாதீர்கள். அப்புறம் எடை. ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லுங்கள், காசில்லாத சோதனை அது, மாத்திரை அளவும் அதை வைத்துத்தானே.

சூப்பர்வைசர்2:
100 ஃபீல்டு, அதாவது மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம் நூறு, பார்த்துத்தான் நெகட்டிவ் போடுகிறீர்களா? குத்தலாகக் கேட்கவில்லை, ஒரே ஆள் ஒரு நாளில் ஏகப்பட்ட ஸ்லைடு பார்த்தால் கடைசி ஸ்லைடுகளுக்கு 100 ஃபீல்டு கிடைக்காது, எல்லா இடத்திலும் நடப்பதுதான். இதைக் கண்டுபிடிக்கத்தான் மறுபார்வை. பாசிட்டிவ், நெகட்டிவ் எல்லாவற்றையும் வரிசையாகப் பெட்டியில் வையுங்கள், வெளியிலிருந்து வருபவர் தானே பொறுக்கி எடுக்கட்டும், உங்கள் ரிசல்ட் என்ன என்று தெரியாமல் பார்க்கட்டும். ரிசல்ட்டைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அதேதான் தெரியும்.

லேப்மேசை:
நன்றி. டாக்டரிடமும் பேசிவிட்டேன், மருந்தை மாற்றவில்லை, அடுத்த கட்டத்துக்குப் போகிறோம். ஆனால் பெட்டி விஷயம் கஷ்டம். ஸ்லைடு பற்றாக்குறை, நெகட்டிவைக் கழுவித் திரும்ப உபயோகிக்கச் சொல்கிறார்கள்.

சூப்பர்வைசர்2:
கூடவே கூடாது. எத்தனை கழுவினாலும் கீறலில் கிருமி ஒட்டியிருக்கும், அடுத்தவருக்குப் பொய் பாசிட்டிவ் வரும், இல்லாத நோய்க்கு அவர் ஆறு மாதம் மாத்திரை விழுங்குவார். புது ஸ்லைடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், காரணத்தையும் இப்படியே எழுதுங்கள்.