சொல்லேறா அநீதி: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

தத்துவ அறிஞர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூலின் தலைப்பான 'எபிஸ்டெமிக் இன்ஜஸ்டிஸ்' என்பதற்குத் தமிழில் 'அறிவுசார் அநீதி' போதும் என்று நேற்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அதைப் படித்ததும் கல்வி மறுக்கப்படுவதுதான் நினைவுக்கு வரும். ஃபிரிக்கர் பேசுவது வேறு. விஷயம் தெரிந்த ஒருவரைத் தெரிந்தவராகவே மதிக்காமல் விடுகிறோமே, அந்தத் தீங்கு.

அதில் அவர் முக்கியமாக இரண்டு வகை காட்டுகிறார். ஒன்று, சொல்பவர் இன்னார் என்பதற்காகவே அவர் பேச்சை நம்பாமல் போவது. ஆங்கிலத்தில் 'டெஸ்டிமோனியல் இன்ஜஸ்டிஸ்' எனப்படும் இதைச் 'சான்றுரை அநீதி' என்றால் சாட்சிக்கூண்டு வந்து நிற்கிறது. போன வருஷம் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். "மூச்சு வாங்கலைங்க, தோள்பட்டைதான் இழுக்குது" என்று இரண்டு முறை சொன்னார். மருத்துவர் என் பக்கம் திரும்பி, "மூச்சு வாங்குதா?" என்றார். அம்மா சொன்னதையே நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் சீட்டில் எழுதினார். அம்மா அப்புறம் வாயே திறக்கவில்லை. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்று நம் ஊரில் சொல்வது இதைத்தானே? ஏழை மட்டுமல்ல, பெண், கறுப்பினத்தவர் என்று யார் சொல்லும் ஏறாமல் போகலாம். அதனால் 'சொல்லேறா அநீதி' என்று வைக்கலாம்.

இரண்டாவது வகை, தனக்கு நேர்வதைப் புரிந்துகொள்ளவும் பிறருக்குச் சொல்லவும் சொல்லே இல்லாமல் போவது; ஆங்கிலத்தில் 'ஹெர்மனூட்டிகல் இன்ஜஸ்டிஸ்'. அதற்குப் 'பொருள்கோள் அநீதி' என்று ஒரு பரிந்துரை வந்தது. பொருள்கோள் நன்னூல் படித்தவர்களுக்கு அழகான சொல்தான். ஆனால் அது இருக்கிற சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறை. இங்கே சிக்கலே சொல் இல்லாததுதான். ஃபிரிக்கர் காட்டும் கார்மிட்டா உட் என்ற பெண்ணைப் பாருங்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரின் சீண்டல் தாங்காமல் வேலையை விட்டார். வேலையில்லாதோர் உதவித்தொகை கேட்டபோது, விலகிய காரணத்தைச் சொல்லப் பெயர் கிடைக்காமல் 'சொந்தக் காரணம்' என்றார். உதவித்தொகை மறுக்கப்பட்டது. 1975இல் அவருக்காகக் கூடிய பெண்கள் உட்கார்ந்து பேசித்தான், நாம் இன்று 'பாலியல் தொல்லை' என்று சொல்கிறோமே, அதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தார்கள். ஆகவே இதற்குச் 'சொல்லில்லா அநீதி'.

இரண்டையும் சேர்த்துச் சொல்லும் தலைப்புச் சொல்லுக்கு இப்போதைக்கு 'அறிநிலை அநீதி' என்று வைத்திருக்கிறேன். அதில் தீங்குக்கு உள்ளாகும் ஆள் தெரியவில்லை என்பது என் குறை. 'அறிவோர் அநீதி' என்றாலோ அறிவுள்ளவர்கள் செய்யும் அநீதி ஆகிவிடுகிறது. அந்த ஆளைக் கொண்டுவரும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.