கொழும்பில் பயோமெடிக்கல் எம்எஸ்சி சேரப் போகிறீர்களா? தீசிஸிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: அக்கா, வணக்கம். கணவருக்கு வேலை மாற்றலாகி கோயம்புத்தூரிலிருந்து கொழும்பு வந்து மூன்று வாரம் ஆகிறது. வெள்ளவத்தையில் வீடு. பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு நான்கு வருடம் லேபில் வேலை பார்த்தேன். இங்கே பயோமெடிக்கல் பக்கம் ஏதாவது எம்எஸ்சி சேரலாம் என்று நினைக்கிறேன். பாடங்கள் கஷ்டமாக இருக்குமா? தீசிஸ் கட்டாயமா? சிங்களம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

பதில்: வாங்க மா. நானும் மதுரையிலிருந்து வந்து இங்கேதான் எம்எஸ்சி முடித்தேன். பாடத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். மூலக்கூறு உயிரியல், நோயெதிர்ப்பியல், மரபியல், உயிர்ப்புள்ளியியல், ஆராய்ச்சி முறையியல் என்று போகும். எல்லாம் ஆங்கிலத்தில்தான். லேபில் நான்கு வருடம் இருந்தவருக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். இங்கே பல எம்எஸ்சி வகுப்புகள் சனி ஞாயிறில்தான் நடக்கின்றன, ஏனென்றால் கூடப் படிப்பவர்களில் நிறையப் பேர் வேலையில் இருக்கும் டாக்டர்களும் லேப் டெக்னீஷியன்களும். வருகைப்பதிவு பெரும்பாலும் 80 சதவீதம் கேட்பார்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நாட்களை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளுங்கள்.

தீசிஸ் கட்டாயமா என்ற கேள்விக்குப் பதில், நீங்கள் எந்த எம்எஸ்சியில் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இலங்கையில் எல்லாப் பட்டங்களுக்கும் எஸ்எல்க்யூஎஃப் என்று ஒரு தகுதி அடுக்கு இருக்கிறது. அதில் 9ஆம் நிலை என்பது பாடங்கள் மட்டும் உள்ள முதுகலை, 30 கிரெடிட். 10ஆம் நிலையில் பாடங்களோடு ஆராய்ச்சியும் உண்டு, 60 கிரெடிட். அந்த 60இல் குறைந்தது 15 ஆராய்ச்சிக்கு. இரண்டுக்கும் பெயர் முதுகலைதான். விளம்பரத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விண்ணப்பம் வாங்கும்போதே ‘இது 9ஆ, 10ஆ?’ என்று கேட்டுவிடுங்கள். பிறகு பிஎச்டி போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் 10ஆம் நிலையையே எடுங்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி இது தெரியாமல் பாடம் மட்டும் உள்ள படிப்பில் சேர்ந்து, பிஎச்டிக்குப் போகும்போது ஆராய்ச்சி அனுபவம் எங்கே என்று கேட்டபோது தவித்துப் போனாள்.

இந்த 15 கிரெடிட் என்பது எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடத்துக்கு ஒரு கிரெடிட் 50 மணி நேரம். ஆராய்ச்சிக்கு ஒரு கிரெடிட் குறைந்தது 100 மணி நேரம். அப்படியானால் 15 கிரெடிட்டுக்கு 1500 மணி நேரம். வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் 75 வாரம், அதாவது ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு வருடப் படிப்பில், முதல் வருடம் பாடம், அதை முடித்துவிட்டு ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

நிறையப் பேர் அடிபடும் இன்னொரு இடம், ஆய்வுக்கு எத்தனை பேரிடம் மாதிரி எடுப்பது என்ற எண்ணிக்கை. புள்ளியியல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் சூத்திரத்தில் 50 சதவீதப் பரவல் (பாதிப் பேருக்கு அந்த நோய் இருக்கும் என்ற ஊகம்), 5 சதவீதப் பிழை, 95 சதவீத நம்பிக்கை என்று போட்டால் 385 பேர் என்று வரும். காகிதத்தில் எழுதச் சுலபம். ஒரு கிளினிக்கில் ஒரு நாளில் ஒப்புதல் வாங்கி, ரத்தம் எடுத்து, அன்றே லேபுக்குக் கொண்டுபோய்ச் சுழற்றிப் பிரித்து மைனஸ் 80 டிகிரி குளிரில் வைக்க என்னால் 12 பேருக்கு மேல் முடியவில்லை. வாரம் ஒரு கிளினிக் என்றால் 33 வாரம். அதிலும் இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. உங்கள் கிளினிக் நாளில் போயா வந்தால் அந்த வாரம் போச்சு. அதனால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். இரண்டு குழுக்களை ஒப்பிடுவது, ஏற்கெனவே லேபில் சேமித்து வைத்த மாதிரிகளில் (அதற்கும் அனுமதி வாங்க வேண்டும்) ஒரு மரபணு மாறுபாட்டைப் பார்ப்பது என்று ஏதாவது. ஆய்வு வழிகாட்டும் பேராசிரியரிடம் போகும்போது தலைப்போடு மட்டும் போகாதீர்கள். இத்தனை பேர், இத்தனை வாரம், இவ்வளவு ரூபாய் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பிசிஆர் ரீஏஜென்ட் (மரபணுச் சோதனைக்கு வேண்டிய ரசாயனங்கள்) எல்லாம் வெளிநாட்டிலிருந்து ஏஜென்ட் வழியாகத்தான் வரும். ஆர்டர் கொடுத்துக் கைக்கு வர மாதக்கணக்கு ஆகலாம். ‘சென்னையில் மலிவாகச் செய்துகொள்ளலாம், மாதிரியை அனுப்பிவிடலாம்’ என்று நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தோன்றும். மனித ரத்த மாதிரியை நாடு தாண்டி அனுப்ப மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தமும், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் தனி அனுமதியும் வேண்டும். பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிற விஷயம் இல்லை.

எதிக்ஸ் அனுமதி கைக்கு வருமுன் ஒரே ஒரு மாதிரியைக்கூட எடுக்காதீர்கள். எடுத்துவிட்டுப் பின்னால் அனுமதி வாங்க வழியே கிடையாது. அந்தத் தரவு முழுக்க வீண். பல்கலைக்கழகத்தின் கமிட்டி ஒன்று, நீங்கள் நோயாளிகளைச் சந்திக்கும் மருத்துவமனையின் அனுமதி இன்னொன்று. இரண்டுக்கும் காலம் ஒதுக்குங்கள். விண்ணப்பத்தோடு தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கொடுக்க வேண்டும்.

இதில் தமிழ்ப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ‘தமிழ்தானே, ஒரு ராத்திரியில் எழுதிவிடலாம்’ என்று உட்கார்ந்து எழுதினேன். சிங்களப் படிவத்துக்கு மூன்று பேரிடம் காட்டித் திருத்தம் வாங்கினோம். தமிழை யாரிடமும் காட்டவில்லை. கமிட்டியும் அனுமதி கொடுத்துவிட்டது. கிளினிக்கில் மூன்றாவது நாள், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு அம்மா. எழுபது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படிவத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. ‘இதில் பங்கேற்க மறுத்தால் உங்கள் மீது எங்களுக்கோ எங்கள் மூலம் உங்களுக்கோ எந்த வருத்தமும் வராது’ என்று எழுதியிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ‘அப்ப கையெழுத்து வைச்சால் வருத்தம் வருமோ, பிள்ளை?’ என்று கேட்டார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவே இல்லை. இங்கே வருத்தம் என்றால் நோய். மறுத்தால் நோய் வராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வயதான மனுஷி அதைப் படித்துவிட்டு ரத்தம் கொடுக்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்பு கையெழுத்துப் போட்டவர்கள் அந்த வரியை என்னவென்று புரிந்துகொண்டார்களோ என்று நினைத்து அன்றைக்கு இரவு தூங்கவில்லை. மாதிரி எடுப்பதை நிறுத்தி, படிவத்தைத் திருத்தி, புதுத் தேதியும் பதிப்பு எண்ணும் போட்டு மறுபடி கமிட்டிக்கு அனுப்பினோம். ஒரு சொல்லை மாற்றினாலும் அனுமதி மறுபடி வாங்கத்தான் வேண்டும். அது சரிதான். ஆறு வாரம் போனது.

அதற்கப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். நாம் மாத்திரை என்பதை இங்கே குளிசை என்பார்கள். சர்க்கரை நோயைப் பேச்சில் சீனி வருத்தம் என்பார்கள், எழுத்தில் நீரிழிவு. ரத்த அழுத்தம் இங்கே குருதியமுக்கம். செல் என்று நாம் எழுதுவதைப் பாடப்புத்தகத்தில் கலம் என்று படித்தவர்கள் இவர்கள். மருத்துவமனை வைத்தியசாலை. மலையகத்திலிருந்து வருகிறவர்களின் பேச்சு நம் பேச்சுக்குப் பக்கம், யாழ்ப்பாணத்தவர்களின் பேச்சு வேறு, கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பேச்சு இன்னொன்று. எல்லோருக்கும் ஒரே படிவம். ஆகவே எளிமையாக எழுதி, மூன்று பக்கத்து ஆட்களிடமும் வாசிக்கக் கொடுங்கள். ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்க்கச் சொல்லிச் சரிபாருங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கியவர். மருத்துவத்தைத் தமிழில் எழுதுவது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. அளவுகோல் நம் ஊர்த் தமிழ்தான் என்று நான் நினைத்ததுதான் தப்பு.

சிங்களம்: வகுப்புக்கு வேண்டாம், கிளினிக்குக்கு வேண்டும். நோயாளிகளில் பெரும்பாலோர் சிங்களத்தில்தான் பேசுவார்கள். ஒப்புதல் வாங்குவதைச் சிங்களம் தெரிந்த சக மாணவர் செய்யட்டும், அது பாதி புரிந்து செய்கிற காரியம் அல்ல. ஆனால் ஊசி போடும்போது ‘பய வென்ன எப்பா’ (பயப்படாதீர்கள்) என்று நீங்களே சொன்னால் எதிரே இருப்பவர் கை தளர்வதைப் பார்ப்பீர்கள்.

மற்றவை சுருக்கமாக. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் 154 பஸ் பிடித்தால் பொரளை வரை நேராகப் போகலாம், கின்சி வீதி மருத்துவ பீடம் அங்கிருந்து பக்கம். கணவரின் விசாவில் வந்திருந்தால் அதே விசாவில் படிக்கலாமா, மாற்ற வேண்டுமா என்று பல்கலைக்கழகத்திலும் பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலும் சேருவதற்கு முன்பே கேளுங்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணம் தனி, அதையும் எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவுக்குத் திரும்பினால் சமநிலைச் சான்றிதழ் (வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) கேட்பார்கள், 2025இல் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அதற்கென்று தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. மதிப்பெண் பட்டியல், கிரெடிட் விவரம், பாடத்திட்டம், தீசிஸ் பிரதி எல்லாவற்றையும் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா. அந்த அம்மா கடைசியில் கையெழுத்துப் போட்டாரா? இன்னொன்று, கணவருக்கு இங்கே இரண்டு வருடம்தான். அதற்குள் முடியுமா?

பதில்: அன்றைக்குப் போடவில்லை. நானும் கேட்கவில்லை. திருத்திய படிவம் வந்த பிறகு அவரே அடுத்த கிளினிக்குக்கு வந்து, மறுபடி விரல் வைத்து முழுவதையும் படித்துவிட்டு, ‘இப்ப விளங்குது’ என்று சொல்லிப் போட்டார்.

இரண்டு வருடத்தில் முடியும் மா, ஆனால் முதல் செமஸ்டரிலேயே வழிகாட்டியைப் பிடித்து, இரண்டாவது செமஸ்டர் முடிவதற்குள் எதிக்ஸ் விண்ணப்பம் போய்விட வேண்டும். ரத்தம் எடுக்கும் ஆய்வாக இல்லாமல் சேமித்த மாதிரியோ, கணினியில் செய்யும் மரபணு ஆய்வோ கிடைத்தால் இன்னும் நல்லது. இடையில் போக வேண்டி வந்தால், முடித்த கிரெடிட்டுக்கு டிப்ளோமாவோ 9ஆம் நிலைப் பட்டமோ தருவார்களா என்று படிப்பின் கையேட்டில் பாருங்கள்.

தமிழ்ப் படிவம் எழுதியதும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில்தான் பெரும்பாலும் இருப்பேன், உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரும், ஹட்டனிலிருந்து வந்து படிக்கும் தம்பி ஒருவரும் வருவார்கள். நான்கு பேரும் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.