கல்வெட்டு வாசித்துக் காட்டும் வழிகாட்டி தேவை

எல்லாருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மதுரை வருகிறேன். கீழடி அருங்காட்சியகம், கீழக்குயில்குடி சமணர் மலை, மாங்குளம் மூன்றையும் பார்க்க ஆசை. கீழடியை நாங்களே பார்த்துக்கொள்வோம். மற்ற இரண்டுக்கும்தான் விஷயம் தெரிந்த வழிகாட்டி வேண்டும்.

போன முறை சமணர் மலையில் இருக்கும் பேச்சிப்பள்ளத்துக்கு ஒருவரைக் கூட்டிப் போனோம். போட்டோ நன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆனால் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே இருக்கும் வட்டெழுத்தைக் காட்டி மகள் கேட்டபோது, "பழைய எழுத்து பாப்பா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அவள் அங்கேயே நின்று, ஒவ்வொரு எழுத்தாக விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

மாங்குளத்தில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்தை அவளுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். தொல்லியல் படிக்கும் மாணவர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் யாரும் வருவார்களா? அரை நாளுக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயமாக இருக்கும்? அப்புறம், அப்பாவுக்கு முழங்கால் வலி. மாங்குளம் மலை அவரால் ஏற முடியுமா, இல்லை அடிவாரத்தில் நிழலாக உட்கார இடம் இருக்குமா? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.