சிறுநீர்த் தொல்லைக்கும் விறைப்புக் குறைவுக்கும் ஒரே மாத்திரை போதுமா?

கேள்வி (தேவகோட்டை)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டுதான் எனக்கு அறுபதாம் ஆண்டு நிறைவுச் சாந்தி நடந்தது. இரவில் நான்கு முறை எழுந்து, வளவைத் தாண்டிப் பின்கட்டுக் கழிப்பறை வரை போய் நின்றாலும், சிறுநீர் உடனே இறங்காது. புராஸ்டேட் சுரப்பி பருத்திருப்பதாகக் கூறி, மருத்துவர் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். இப்போது ஒருமுறை எழுந்தால் போதும். ஆனால், உறவின்போது விந்து வெளிவருவது மிகவும் குறைந்துவிட்டது. விறைப்பு நிலைக்காத குறை அதற்கு முன்பே இருந்தது. அதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. டடாலாஃபில் ஒன்றே இரண்டையும் சரிசெய்யும் என்கிறார் நண்பர். கடையில் வாங்கிக்கொள்ளலாமா? சர்க்கரைக்கு மாத்திரை எடுத்து வருகிறேன்.

மறுமொழி (மருந்தாளுநர், காரைக்குடி)

ஐயா, தயவுசெய்து சீட்டில்லாமல் வாங்காதீர்கள். நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது: நாள்தோறும் 5 மில்லிகிராம் டடாலாஃபில் எடுப்பதை, இவ்விரண்டு குறைகளும் சேர்ந்திருப்பவர்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-இல் ஏற்றது. ஆனால், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளை எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாம்சுலோசினும் அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், இரண்டையும் நீங்களாகச் சேர்த்தால் நள்ளிரவில் எழுந்து நடக்கும்போது தலைசுற்றி விழ நேரிடலாம்.

விந்து குறைவது டாம்சுலோசினின் அறிந்த பக்கவிளைவு. ஆபத்தில்லை, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மாறிவிடும். கூச்சத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு விறைப்புக் குறைவு இதயக் குழாய் அடைப்பின் முன்னறிகுறியாகவும் இருக்கக்கூடும். நீங்கள் மறைக்கும் செய்திதான் மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியது.

மறுமொழி (பள்ளத்தூர்)

அண்ணன் அவர்களுக்கு, என் அனுபவத்தையும் சொல்கிறேன். சுரப்பி பெரிதாக இருந்ததால் எனக்கு டியூடாஸ்டெரைடும் கொடுத்தார்கள். அது சுரப்பியையே சுருக்கும், பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம். சிலருக்கு நாட்டமும் விறைப்பும் குறையும் என்பதால், உங்கள் குறையைச் சொல்லாமல் அதைத் தொடங்கிவிடக் கூடாது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக இரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவையும் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் சில சிறுநீரை அடைத்துவிடும், கவனம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நைட்ரேட் எதுவும் நான் எடுப்பதில்லை. மருத்துவரிடம் அனைத்தையும் சொல்லிவிடுகிறேன். தை மாதம் கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்; அதுவரை டாம்சுலோசினை நிறுத்தி வைக்கலாமா?

மறுமொழி (மருந்தாளுநர், காரைக்குடி)

நீங்களாக நிறுத்த வேண்டாம் ஐயா. அந்த மருந்தால் அறுவையின்போது கண்ணின் கருவிழித் திரை தளர்ந்து மடங்கக்கூடும். முன்கூட்டியே நிறுத்தினாலும் அது முழுமையாகத் தவிர்வதில்லை. கண் மருத்துவரிடம் மாத்திரை அட்டையையே காட்டிவிடுங்கள். தெரிந்திருந்தால் அதற்கேற்ற முன்னேற்பாட்டுடன் அவர் அறுவையைச் செய்வார்.