மெதுவாகக் கழற்றுங்கள் என்றார்கள்

கண்ணாடிச்சில்லு:
எதிர்ப்பாலின வேடமிட்டு மேடையேறும் டிராக் கலையை ஆட வந்து ஆறு வருடம் ஆகிறது. அன்று ஒரு தொலைக்காட்சிக் குழு ஒப்பனை அறைக்கே வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் பசைக்குச்சியைப் புருவத்தில் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, பவுடரால் மறைத்து, அதற்கு மேலே வேறொரு புருவம் வரைந்துகொண்டிருந்தேன். இடுப்புக்கு நானே செதுக்கிய நுரைப்பஞ்சு, அது தெரியாமலிருக்க நான்கு அடுக்குக் காலுறை. இதில் எதையும் அவர்கள் படம்பிடிக்கவில்லை. ஆட்டம் முடிந்து விக்கைக் கழற்றியதும்தான் கேமரா விழித்துக்கொண்டது. "இன்னொரு முறை மாட்டிக்கொண்டு மெதுவாகக் கழற்றுங்கள். கண்ணாடியைப் பார்த்து, கொஞ்சம் சோகமாக." எனக்குச் சோகமே இல்லை, பசிதான். ஆனாலும் மாட்டிக்கொண்டேன், இரண்டு பொருளிலும். மறுக்காமல் ஏன் செய்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஒளிபரப்பில் 'பெண்ணாக மாறத் துடிக்கும் இளைஞர்' என்று எழுத்து ஓடியது. நான் திருநங்கை அல்ல, தன்பாலீர்ப்புள்ள ஆண். வேடம் மேடையோடு சரி.

ஓரத்துத்தூண்:
உங்களையாவது முகத்தோடு காட்டினார்கள். நானும் என் இணையும், இரண்டு பெண்கள், பதினோரு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். பேட்டி எடுக்க வந்தவர் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உங்களில் கணவர் யார்?" அவள் சட்டென்று, "பாத்திரம் தேய்ப்பது யார் என்று கேளுங்கள், தகராறு தெரியும்" என்றாள். வந்தவரே சிரித்துவிட்டார். அச்சில் அந்தப் பதில் இல்லை. முகத்தைப் போடலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தும், கோத்த இரண்டு கைகளின் நிழலைப் போட்டார்கள். குற்றவாளிகளுக்குத்தான் அப்படிப் போடுவார்கள். உங்கள் மினுமினுப்பு கண்ணைக் கூசுவதால்தான் எங்களைப் போன்றவர்கள் தெரிவதில்லை என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கோபிக்க வேண்டாம்.

பழைய பிழைதிருத்தி:
ஓரத்துத்தூண், பழியை இடம் மாற்றிப் போடுகிறீர்கள். அமெரிக்க மேடைக் கலைஞர் ஸ்டார்மே டிலார்வெரி தன்பாலீர்ப்புள்ள பெண்தான். ஆண் வேடக் கலைஞராக ஜுவல் பாக்ஸ் ரெவ்யூ என்ற டிராக் குழுவில் பெண் வேடமிட்ட ஆண்களுக்கு நடுவே கோட்டும் சூட்டுமாக நின்றவர். டிராக் ஆண்களின் சொத்து அல்ல. 1969 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் புகுந்தபோது எதிர்த்தவர்களில் டிராக் கலைஞர்களும் இருந்தார்கள். அடுத்த வாரமே அங்கே ஒரு நாளிதழ் அவர்களை ராணித் தேனீக்கள் என்று கேலி செய்து தலைப்பிட்டது. அமெரிக்கப் படங்களில் 1934 முதல் முப்பது வருடங்களுக்கு மேல் தணிக்கை விதி இருந்ததால், தன்பாலீர்ப்பாளர்கள் ஜாடையாகத்தான் வந்தார்கள். பெரும்பாலும் கோமாளியாக, வில்லனாக, அல்லது செத்துப்போக. நிழல் போடும் பழக்கம் புதிதல்ல.

என் கதை சின்னது. முன்பு ஒரு பத்திரிகையில் 'ஆணா பெண்ணா?' என்று தலைப்பு வந்தது. அதில் ஒற்றுப்பிழை மட்டும் திருத்தி அனுப்பியவன் நான்.

ஆகவே சொல்கிறேன்: பேட்டிக்கு முன்பே கேள்விகளை எழுத்தில் வாங்குங்கள். உங்களை எந்தச் சொல்லால் குறிப்பிட வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள். பேசுவதை நீங்களும் பதிவு செய்துகொள்ளுங்கள். தலைப்பை நிருபர் வைப்பதில்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவர் வைக்கிறார், அவரிடமும் பேசுங்கள். தவறாக வந்தால் அன்றே திருத்தம் கேளுங்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஐந்தாம் பக்க மூலைதான். புகைப்படத்துக்கு...

கண்ணாடிச்சில்லு:
ஐயா, போதும். அறிவுரை யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒற்றுப்பிழை விஷயத்தை ஒப்புக்கொண்டீர்களே, அது பெரிது.

ஓரத்துத்தூண் அக்கா, அந்தப் பாத்திரப் பதிலை அடுத்த ஆட்டத்தில் நான் மேடையில் சொல்லலாமா?

ஓரத்துத்தூண்:
அவளிடம் கேட்டேன். சொல்லலாமாம். ஆனால் அவள் பெயரைச் சொல்லித்தான் சொல்ல வேண்டுமாம்.