பிள்ளைகள் எந்த இடத்தில் சிரித்தார்கள்? சிறார் கதையில் நகைச்சுவை: உங்கள் அனுபவம்

தாழ்வாரம்

மூன்று மாதமாக மனசை அரிக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கான படக்கதை. கண்ணாமூச்சி விளையாட்டில் ஒட்டகச்சிவிங்கி ஒரு முக்காலிக்குப் பின்னால் ஒளிகிறது. எழுத்தில் முதல் வரி: "ஒட்டகச்சிவிங்கி நன்றாக ஒளிந்துகொண்டது." படத்திலோ கழுத்து பக்கத்தின் மேல் விளிம்பைத் தொடுகிறது.

அச்சுக்குப் போகும் முன் சுமார் 20 பிள்ளைகளிடம் வாசித்தேன். அந்த வரி முடிவதற்குள் "தெரியுது! தெரியுது!" என்று ஒரே கூச்சல். நான் விடாமல் அடுத்த இரண்டு வரியையும் வாசித்தேன்: "ஆனால் அதன் கழுத்து வெளியே தெரிந்தது. பாவம், அது அதற்குத் தெரியவில்லை." விளக்கை அணைத்த மாதிரி சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்து, "அதான் நாங்களே சொன்னோமே" என்றாள்.

அவள் கண்டுபிடித்ததை நான் பிடுங்கிக்கொண்டேன். அந்த முகம் மறக்கவில்லை. இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

பென்சில்முனை

நடந்திருக்கிறது அக்கா. எனக்கு அது புத்தகப் பக்கத்தில் நடந்தது. "பெட்டிக்குள் என்ன?" என்ற கேள்வி வலப்பக்கம், விடை தாளைப் புரட்டினால். அப்படித்தான் திட்டமிட்டிருந்தேன். 32 பக்கம், 16 பக்கமாக இரண்டு ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கத் தொகுதி), எல்லாம் எண்ணி வைத்தது. கடைசி நேரத்தில் முன்னால் ஒரு பக்கம் சேர்த்தார்கள். எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போய், கேள்வி இடப்பக்கத்திலும் விடை அதற்கு எதிரே வலப்பக்கத்திலும் வந்து உட்கார்ந்தது. பக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்று எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

புத்தகம் வந்ததும் அக்கா மகனுக்கு வாசித்தேன். குரலைத் தாழ்த்தி, "பெட்டிக்குள் என்ன...?" என்கிறேன். அவன் விரல் ஏற்கெனவே எதிர்ப்பக்கத் தவளையின் மேல் இருக்கிறது. அந்தச் சின்ன விரல்தான் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அதிலிருந்து ஒற்றைப்படை எண் பக்கத்தில் கேள்வி, அடுத்த இரட்டைப்படையில் விடை என்று கையெழுத்துப் பிரதியிலேயே எழுதிவிடுகிறேன்.

படிக்கட்டு

தாழ்வாரம் சொன்னதை முழுசாக ஏற்க முடியவில்லை. விளக்கினால் சிரிப்பு போய்விடும் என்பது வயதைப் பொறுத்தது. நாலு வயதுக்காரர்களிடம் நான் ஒரு சிலேடை வைத்துப் பார்த்தேன். ஆந்தை வாத்தியார் ஆமையிடம் புத்தகத்தைக் கொடுத்து "படி!" என்கிறார். ஆமை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எங்கே படி? எனக்கு ஏறத் தெரியாதே" என்கிறது.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் கவலையாக, "ஆமை கீழே விழுந்துடுமா?" என்று கேட்டான். அதே கதைக்கு அவனுடைய எட்டு வயது அண்ணன் உருண்டு சிரித்து, அதை இன்னொருவனிடம் சொல்ல எழுந்து ஓடினான்.

குழந்தைகளின் நகைச்சுவையை ஆராய்ந்த பால் மெக்கீ 1979 வாக்கிலேயே இதைப் படிநிலைகளாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டு வயதுக்கு நாயைப் பூனை என்று சொன்னாலே போதும், பெயர் மாறியதே வேடிக்கை. மூன்று வயது தாண்டினால், இருக்க முடியாத உருவம், நடக்க முடியாத செயல். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்பது பிடிபட ஆறேழு வயதாவது ஆக வேண்டும். என் கதையில் தவறில்லை, அட்டையில் போட்ட வயதுதான் தவறு.

இரட்டைக்கிளவி

பென்சில்முனைக்குப் புத்தகப் பக்கத்தில் நடந்தது எனக்கு வாக்கியத்துக்குள் நடந்தது. "தொப்பிக்குள் ஒரு யானை உட்கார்ந்திருந்தது" என்று எழுதியிருந்தேன். 'யானை' என்றதும் என் மகள் சிரிக்க வாயைத் திறந்தாள். நான் 'உட்கார்ந்திருந்தது' என்று இழுத்துக்கொண்டு போனேன், மீதியைக் கேட்க வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் கதை.

ஆனால் எழுதுகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். நம் மொழியில் வினை கடைசியில் வரும். சிரிப்பு பெயர்ச்சொல்லில் இருந்தால் அது நடுவில் மாட்டிக்கொள்ளும். "தொப்பிக்குள் உட்கார்ந்திருந்தது... ஒரு யானை!" என்று புரட்டிப் போடுங்கள். சிரிப்பு வினையில் இருந்தால் வழக்கமான வரிசையே போதும்: "யானை மெல்ல வந்தது, காதை மடித்தது, மூச்சை அடக்கியது, தும்மியது." இதில் 'தும்மியது' தானாகவே கடைசியில் வந்து வெடிக்கும்.

அப்புறம் அடுக்கு. இரண்டு தடவை ஒரே மாதிரி, மூன்றாவது தடவை மாற்று. மூன்று வயதுக்கு இன்னும் ஒரு சுற்றுகூடத் தாங்கும், ஏனென்றால் அவர்களுக்குக் கூடச் சேர்ந்து சொல்வதுதான் சுகம். ஒலிச்சொல்லைப் பக்கத்துக்கு ஒன்று தூவாதீர்கள், நாலாவது 'டமா'லுக்குக் காது பழகிவிடும். இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்: யானை 'தொப்' என்று விழட்டும், எறும்பு 'தொபுக்கடீர்' என்று விழட்டும். இதையெல்லாம் சரிபார்க்க நீங்களே வாசிக்காதீர்கள், உங்களுக்குத்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியுமே. கதையைப் பார்க்காத ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் தடுக்கும் இடத்தில் பிள்ளையும் தடுக்கும்.

நாலாம் வரிசை

என் கதையில் ஒரு குண்டுப் பையன் உட்கார்ந்ததும் பெஞ்சு உடையும். வகுப்பில் வாசித்தேன். கொல்லென்று சிரித்தார்கள், சிரித்தபடியே நாலாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே இருந்த பையனும் சிரித்தான். எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தான். அழுதிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு நாலு காரணம் சொல்கிறது: எள்ளல் (கேலி), இளமை (சிறுபிள்ளைத்தனம்), பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வது). பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் முதல் ஒன்றை விட்டுவிட்டாலும் கையில் இன்னும் மூன்று இருக்கிறது. தாழ்வாரத்தின் ஒட்டகச்சிவிங்கி பேதைமை, படிக்கட்டின் ஆமை மடன். நானோ எள்ளலை எடுத்தேன், அதுவும் என்னைவிடச் சின்னவன்மேல். இப்போது அந்த பெஞ்சு வேறொருவருக்கு உடைகிறது: "கவனமா உட்காருங்க!" என்று பக்கத்துக்குப் பக்கம் அதட்டும் தலைமை ஆசிரியருக்கு. சிரிப்பு குறையவே இல்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கோட்டோவியம்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எள்ளலை மொத்தமாக விலக்கச் சொல்வது சரியில்லை. அந்தத் தலைமை ஆசிரியரைப் பார்த்துச் சிரிப்பதும் எள்ளல்தானே? யார்மேல் என்பதுதான் கேள்வி.

நான் படம் போடுகிறவன். கரடி மரத்திலிருந்து விழும் காட்சி. எழுத்து நன்றாகவே இருந்தது, பிள்ளைகள் மட்டும் சத்தமே போடவில்லை, ஒரு குழந்தை அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து படத்தை வெகுநேரம் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடி, புருவம் உள்பக்கம் மேலே ஏறியிருந்தது. அது வலிக்கிற முகம். கண்களை இரண்டு வட்டப் புள்ளியாகத் திறந்து, புருவத்தை மட்டும் நேராக்கினேன். கரடி இப்போது வலியில் இல்லை, வியப்பில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் அதே தலையில் ஒரு பறவைக்கூட்டோடு எழுந்து நடக்கிறது. எழுத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடுத்த முறை அதே இடத்தில் சிரித்தார்கள்.

தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி. படிக்கட்டு சொன்ன வயது விஷயம் சரிதான், ஆனால் என் பிள்ளைகளும் நாலைந்து வயதுதான், அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. படம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. உங்கள் சிலேடைக்குப் படத்தின் துணை இல்லை, அங்கேதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டு, நேற்று வேறு பிள்ளைகளிடம் வாசித்தேன். "ஒட்டகச்சிவிங்கி நன்றாக ஒளிந்துகொண்டது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கூச்சல். இன்னும் பேசவில்லை. ஒருத்தி எழுந்து வந்து, படத்தில் நீண்டிருந்த கழுத்தின் மேல் தன் இரண்டு உள்ளங்கையையும் வைத்து மூடி, மற்றவர்களைப் பார்த்து, "யாரும் சொல்லாதீங்க" என்றாள். கழுத்து நீளம், கை போதவில்லை. பக்கத்திலிருந்த பையனும் வந்து மீதியை மூடினான். பக்கத்தைப் புரட்ட எனக்கு இடமே இல்லை.